விரை முறுக்கம் விடியும்வரை காத்திருக்காது



விரைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் அடங்கிய தண்டு திடீரென முறுக்கிக்கொள்வதே விரை முறுக்கம். பச்சிளம் குழந்தைகளுக்கும், அதைவிட அதிகமாக 12 முதல் 18 வயது வரையுள்ள பையன்களுக்கும் இது வருகிறது. தூக்கத்திலேயே தொடங்குவதும் உண்டு. 6 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது பேருக்கு விரையைக் காப்பாற்றிவிடலாம். 24 மணி நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலும் அகற்றத்தான் வேண்டியிருக்கும்.

கெடு இவ்வளவு குறுகியதாக இருக்க, அரசு வட்ட மருத்துவமனைகள் பலவற்றில் ஸ்கேன் அறை மாலையோடு பூட்டப்படுகிறது. நள்ளிரவில் வலியால் துடித்து வரும் பையனுக்கு ஓர் ஊசியைப் போட்டு, "காலையில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்" என்று அனுப்புவது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

முறுக்கத்தைக் கண்டறியும் இந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எளிமையானது. கதிர்வீச்சு கிடையாது, வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. விரைப்பைக்கு அடியில் மடித்த துண்டை வைத்து உயர்த்தி, ஜெல் தடவி, நல்ல பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு வலிக்கும் பக்கத்தோடு ஒப்பிடுவார்கள். கலர் டாப்ளரில் ரத்த ஓட்டம் சிவப்பும் நீலமுமாகத் தெரியும். முறுக்கிய விரையில் அந்த நிறங்கள் மங்கும், அல்லது அறவே இராது. கிருமித்தொற்றால் வீங்கியிருந்தால் வழக்கத்தைவிட மிகுந்து தெரியும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே வீங்கிச் சிவந்திருக்கும்.

மகப்பேறு பிரிவில் ஸ்கேன் இயந்திரம் இருக்கிறது என்று கணக்குக் காட்டினால் போதாது. கருவைப் பார்க்கும் வளைந்த புரோப் இதற்கு ஏற்றதல்ல. உயர் அதிர்வெண் கொண்ட நேர் புரோபும், அதைக் கையாளப் பழகிய மருத்துவரும் வேண்டும். அவை இருந்தால் பகலிலும் பயன் உண்டு. இளைஞர் ஒருவர் வலியில்லாத கட்டியோடு வந்தால், அது நீர் கோத்த ஓதமா, விரைக்குள் வளரும் திடக்கட்டியா என்பதை இதே ஸ்கேன் காட்டிவிடும். இளவயது ஆண்களைத் தாக்கும் விரைப் புற்றுநோய், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. தொந்தரவு எதுவும் இல்லாத ஆண்கள் அனைவருக்கும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்பதால், அரசுக்கு இது தாங்க முடியாத செலவும் அல்ல.

ஸ்கேன் இல்லாததைத் தாமதத்துக்குச் சாக்காகவும் சொல்லக் கூடாது. திடீர் வலி, வாந்தி, மேலேறி நிற்கும் விரை ஆகிய அறிகுறிகள் தெளிவாக இருந்தால், ஸ்கேனுக்குக் காத்திராமல் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்வதே முறை. பையன்கள் கூச்சத்தால் "வயிறு வலிக்கிறது" என்று மட்டுமே சொல்வதுண்டு. அடிவயிற்று வலியோடு வரும் ஒவ்வொரு பையனுக்கும் விரையையும் பார்ப்பது மருத்துவரின் கடமை.

ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் 24 மணி நேரமும் டாப்ளர் ஸ்கேன் கிடைக்க வேண்டும். வட்ட மருத்துவமனைக்கு வரும் பையனை, அங்கே அறுவை வசதி இல்லையென்றால், உடனே 108 ஆம்புலன்ஸில் அனுப்பிவைக்க வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் அறுவை மருத்துவர் ஆயத்தமாக இருக்கும்படி முன்கூட்டியே தகவல் தர வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை இவற்றை எழுத்துபூர்வமான ஆணையாகவே பிறப்பிக்க வேண்டும்.

– வாசகர் ஒருவர்