கொஞ்சம் ஊதுங்க சார்!

எந்த இன்ஜினியரிங் காலேஜில் ப்ராஜெக்ட் கண்காட்சி நடந்தாலும் ஒரு டேபிளில் இது இருக்கும். ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு எம்.க்யூ-3 சென்சார், இரண்டு வரி எல்.சி.டி., ஒரு பஸ்ஸர், ஒரு ரிலே, அதில் சுற்றும் குட்டி மோட்டார். மோட்டார்தான் 'இன்ஜின்'. எக்ஸ்டர்னல் வந்து நின்றதும் ஒரு பையன் பஞ்சில் சானிடைசரையோ டியோடரண்டையோ நனைத்து சென்சாருக்குப் பக்கத்தில் கொண்டுபோவான். பஸ்ஸர் அலறும், மோட்டார் நிற்கும். கைதட்டல், மார்க், போட்டோ.

அங்கே நிரூபிக்கப்பட்டது என்ன? ஒரு சொட்டு கூடக் குடிக்காதவர் சென்ட் அடித்துக்கொண்டு வந்தாலும் வண்டி நின்றுவிடும் என்பதுதான் :-)

ப்ராஜெக்டே தப்பு என்று சொல்ல வரவில்லை. சில நூறு ரூபாய்க்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிற பாகங்களை வைத்து ஒரு மாணவன் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல விஷயம் அதிகம் இல்லை. சிக்கல் அந்த எல்.சி.டி.யில் வருகிற எண்ணில் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் பக்கத்தில் எரிகிற பச்சை எல்.ஈ.டி.யில்.

முதலில் சென்சார். எம்.க்யூ-3க்குள் இருப்பது டின் டை ஆக்ஸைடு பூச்சு, அதைச் சூடாக்க ஒரு ஹீட்டர். சூடான பூச்சின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் மின்தடை அதிகமாக இருக்கும். ஆல்கஹால் ஆவி வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை குறையும். ஆனால் வந்தது பிராந்தியா, பெட்ரோல் ஆவியா, சர்க்கரை நோயாளியின் மூச்சில் வருகிற அசிட்டோனா என்று அந்தப் பூச்சுக்குத் தெரியாது. வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறினாலும் அளவு மாறும். அதன் தகவல்தாளிலேயே இதற்குத் தனி வரைபடம் இருக்கிறது. அந்தப் பக்கம் வரைக்கும் புரட்டுகிறவர்கள்தான் குறைவு.

அதே தகவல்தாள் சென்சாரை 24 மணி நேரத்துக்கு மேல் சூடாக்கிய பிறகே அளக்கச் சொல்கிறது. ஹீட்டர் சுமார் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். 9 வோல்ட் பெட்டி பேட்டரியில் ஓட்டினால் சில மணி நேரத்தில் பேட்டரி காலி. ஆர்டுயினோவின் டிஜிட்டல் பின்னிலிருந்து நேராக கரண்ட் கொடுத்தால் பின்னே போய்விடும். கண்காட்சி அன்று காலை பத்து மணிக்கு ப்ளக் போட்டு பத்தேகாலுக்கு டெமோ காட்டுகிற டேபிளில் வருவது இன்னும் நிலைக்கு வராத எண்.

இப்போது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185-ன்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரத்தத்துக்கும் மூச்சுக்கும் 2100-க்கு 1 என்று விகிதம் வைப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 30 மி.கி. என்பது ஒரு லிட்டர் மூச்சில் சுமார் 0.14 மி.கி. எம்.க்யூ-3-ன் தகவல்தாள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வது 0.4 மி.கி. சட்டம் கோடு போட்டிருக்கிற இடம் அதற்கு வெகு கீழே. ப்ரோக்ராமிலோ 'அளவு 400-ஐத் தாண்டினால் பஸ்ஸர் அடி' என்று ஒரு வரி. அந்த 400 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சீனியர் கொடுத்த கோடில் இருந்தது என்பார்கள். சீனியரின் மாட்யூலில் இருந்த லோட் ரெசிஸ்டர் வேறு, இந்த மாட்யூலில் இருப்பது வேறு. எண் மட்டும் வருடா வருடம் கை மாறி வருகிறது.

இதெல்லாம் மார்க் வாங்குகிற வரைக்கும் பெரிய தப்பில்லை. அந்தப் பெட்டி ஹாஸ்டல் ரூமுக்குப் போகிறதே, அங்கேதான் விவகாரம். பார்ட்டி முடிந்து நாலு பேர் கிளம்புகிறார்கள். 'டேய், உன் மிஷினை எடு' என்று ஒருத்தன் ஊதுகிறான். பச்சை எரிகிறது. பைக் சாவியை எடுத்துக்கொள்கிறான். மிஷின் இல்லாவிட்டால் அவனுக்கே ஒரு தயக்கம் இருந்திருக்கும், ஆட்டோ கூப்பிட்டிருப்பான். சிவப்பு தப்பாக எரிந்தால் ஆட்டோ காசுதான் போகும். பச்சை தப்பாக எரிந்தால் என்ன போகும் என்று எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் ஒரு பாரா கூடக் கிடையாது.

சென்சார் சரியாகவே அளந்தாலும் பச்சை பொய் சொல்லும். கடைசி கிளாஸ் குடித்தவுடன் ரத்தத்தில் அளவு உச்சத்தில் இருக்காது, அரை மணி, ஒரு மணி நேரம் வரை ஏறிக்கொண்டே போகலாம். ஒன்பதரைக்கு பச்சை காட்டினவன் பத்தேகாலுக்கு ரோட்டில் இருப்பான், கோட்டுக்கு மேலே. தலைகீழாகவும் நடக்கும்: வாய் கொப்பளித்த உடனே, அல்லது ஒரு மடக்கு குடித்த உடனே ஊதினால் வாயில் தங்கின ஆல்கஹால் எண்ணை எகிற வைக்கும். அதனால்தான் முறையான சோதனையில் 15 நிமிடம் காத்திருக்கச் சொல்வார்கள்.

தரமான கருவிகளில் ஃபியூயல் செல் இருக்கும். பிளாட்டினம் மின்முனையில் எத்தனால் அசிட்டிக் அமிலமாக மாறும்போது வருகிற கரண்ட்டை அளப்பார்கள். அசிட்டோன் அங்கே பெரிய தொந்தரவு கிடையாது. விலை அதிகம், கையில் காசில்லாத மாணவனால் வாங்க முடியாது. சரி, எம்.க்யூ-3-யே இருக்கட்டும். காலிபரேஷன் செய்ய காசு வேண்டாம், பொறுமை போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுத்தமான எத்தனால் 0.46 மி.லி. (இன்சுலின் சிரிஞ்சில் அளக்கலாம்) கலந்து, மூடின பாட்டிலில் 34 டிகிரி செல்சியஸில் வைத்தால், தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்றில் ஆல்கஹால் ஏறக்குறைய 0.14 மி.கி. இருக்கும். சட்டத்தின் கோடு பாட்டிலுக்குள் வந்துவிட்டது! அந்தக் காற்றைச் சென்சார் மேல் செலுத்தி இருபது தடவை அளந்து, இருபது எண்ணையும் ரிப்போர்ட்டில் போடலாம். மழை நாளில் ஒரு தடவை, ஏப்ரல் வெயிலில் ஒரு தடவை. எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று வரைந்து காட்டினால், பஞ்சு டெமோவை விட அதுதான் உண்மையான இன்ஜினியரிங் வேலை. ஆனால் அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், அது வேறு விஷயம்.

சர்க்யூட்டில் செய்ய வேண்டிய மாற்றம் சின்னதுதான். எல்.சி.டி.யில் 'ரத்தத்தில் இத்தனை சதவீதம்' என்று காட்டுகிற வரியை எடுத்துவிட்டு, 'ஆல்கஹால் தெரிகிறது', 'தெரியவில்லை, ஆனாலும் இல்லை என்று அர்த்தமில்லை' என்ற இரண்டை மட்டும் வைக்க வேண்டும். சிவப்பு எல்.ஈ.டி. இருக்கட்டும். பச்சையையும் அதோடு இருக்கிற 220 ஓம் ரெசிஸ்டரையும் போர்டிலிருந்து பிடுங்கிவிடலாம்.