முட்டை குறைந்தால் விளக்கையும் பாருங்கள்

கேள்வி: நாமக்கல் மாவட்ட வாசகி ஒருவர், மகளிர் குழுக் கடன் வாங்கி ஆழ்கூள முறையில் 500 முட்டைக்கோழிகள் வளர்க்கிறார். கொட்டகையில் இருந்த ஆறு 60 வாட் குண்டு பல்புகளை எடுத்துவிட்டு, கரண்ட் பில் குறையட்டும் என்று 9 வாட் எல்.இ.டி. பல்புகள் போட்டார். பழைய டிம்மரும் டைமரும் அப்படியே இருக்கின்றன. இரண்டே மாதத்தில் இரண்டு பல்புகள் போய்விட்டன. மற்றவை சிமிட்டுகின்றன. தினமும் 420 முட்டை எடுத்த இடத்தில் இப்போது 350தான் கிடைக்கிறது. டானிக் வாங்கிக் கொடுத்தும் பலனில்லை. கடன் தவணை நிற்கிறது. கோளாறு கோழியிலா, விளக்கிலா என்று கேட்கிறார்.

பதில்: முதலில் கோழியைப் பார்க்க வேண்டும். தும்மல், பச்சைக் கழிச்சல், தோல்முட்டை, இறப்பு இவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். தீவனம், தண்ணீர் வழக்கம்போல எடுத்து, கோழிகள் சுறுசுறுப்பாக இருந்து, முட்டை எண்ணிக்கை மட்டும் இறங்கினால் அடுத்த சந்தேகம் விளக்கின் மேல்தான்.

வெளிச்சம் ஏன் முக்கியம்?

கோழி முட்டையிடுவதைத் தூண்டும் சுரப்புகள் வெளிச்சத்தைப் பொறுத்தே வேலை செய்கின்றன. முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளில் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். நம் பகுதியில் மார்கழியில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். ஆனியில்கூட 13 மணியைத் தொடாது. மிச்ச நேரத்தை விளக்குதான் ஈடு செய்கிறது. வளரும் கோழிக்கு வெளிச்ச நேரத்தைக் கூட்டக் கூடாது, முட்டையிடும் கோழிக்குக் குறைக்கக் கூடாது என்பது கோழி வளர்ப்பின் அடிப்படை விதி. ஆறில் இரண்டு விளக்கு எரியாத கொட்டகையில், அந்த மூலையில் அடையும் கோழிகளுக்குப் பொழுது சீக்கிரமே சாய்ந்துவிடுகிறது.

பழைய டிம்மர் ஏன் ஒத்துவரவில்லை?

குண்டு பல்புக்கான டிம்மர், மின்சார அலை ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்பும். குண்டு பல்பின் இழை சூடாகவே இருப்பதால் அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாது. எல்.இ.டி. பல்புக்குள் ‘டிரைவர்’ என்ற சிறு மின்சுற்று இருக்கிறது. அதுதான் வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறது. வெட்டுப்பட்ட மின்சாரம் வந்தால் அது தடுமாறும், சூடேறும், சீக்கிரம் செத்தும்போகும்.

இன்னொரு காரணம் சுமை. டிம்மர் ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தபட்ச வாட் ஒன்று தேவை. பல டிம்மர்களில் அது அச்சிடப்பட்டிருக்கும். இந்தக் கொட்டகையில் முன்பு 360 வாட் ஓடியது. இப்போது ஆறும் எரிந்தாலே 54 வாட்தான். அதையும் குறைத்து வைத்தால் டிம்மர் நிலைகொள்ளாமல் சிமிட்டும். ஃபேன் ரெகுலேட்டரை விளக்குக்குப் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

கோளாறைக் கண்டுபிடிக்கும் வரிசை

1. டைமர். பேட்டரி இல்லாத, முள் சுற்றும் டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். தினம் ஒரு மணி நேரம் மின்வெட்டு என்றால் ஒரு வாரத்தில் ஏழு மணி நேரம் பின்தங்கிவிடும். காலை நாலரைக்கு எரிய வேண்டிய விளக்கு நடுப்பகலில் எரிந்து வீணாகும். கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி, வசதிப்படும்போது பேட்டரி உள்ள டைமராக மாற்றிக்கொள்ள வேண்டும்.

2. மின்சாரம். சில விளக்கு கண் கூசும்படியும் சில மங்கலாகவும் எரிந்தால், அல்லது ஒரே நாளில் பல பல்புகள் போனால், நியூட்ரல் ஒயர் தளர்ந்திருக்கலாம். உடனே மெயினை நிறுத்தி எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். இதில் காலதாமதம் கூடாது.

3. பல்பும் ஹோல்டரும். சுவிட்சை அணைத்து, கெட்ட பல்பை நல்ல ஹோல்டரிலும், நல்ல பல்பைக் கெட்ட ஹோல்டரிலும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கோளாறு பல்போடு போனால் பல்பு பழுது. அதே இடத்தில் நின்றால் ஹோல்டரோ ஒயரோ பழுது. கொட்டகையின் அம்மோனியா காற்றும் ஈரமும் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும்.

4. டிம்மர். எலக்ட்ரீஷியனை வைத்து டிம்மரை விலக்கி, நேரடி சுவிட்சில் இணைத்துப் பார்க்க வேண்டும். சிமிட்டல் நின்றால் குற்றவாளி டிம்மர்தான். கண்ணுக்குத் தெரியாத சிமிட்டலும் உண்டு. செல்போன் கேமராவை விளக்கின் பக்கம் காட்டினால் திரையில் கருப்புப் பட்டைகள் ஓடும். நமக்குத் தெரியாத சிமிட்டல்கூடக் கோழியின் கண்ணுக்குத் தெரியும்.

5. பல்பின் உள்ளே. மேல்மூடியைக் கழற்றினால் அலுமினிய போர்டில் மஞ்சள் புள்ளிகளாக எல்.இ.டி.கள் தெரியும். இவை பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போலக் கோக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். நடுவில் கரும்புள்ளி விழுந்ததே பெரும்பாலும் செத்தது. போர்டு சுத்தமாக இருந்தும் எரியவில்லை என்றால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். உள்ளே மின்தேக்கி உப்பியிருந்தால் அது உறுதி.

செத்த புள்ளியை ஈயப்பற்று வைத்து இணைத்து ஓட்டுபவர்கள் உண்டு. மற்ற புள்ளிகளுக்குச் சுமை கூடுவதால் அது நாள்கணக்குத்தான் தாங்கும். விலை மலிந்த பல்புக்கு அந்த வேலை வீண். இப்படிப்பட்ட பல்பு போர்டில் வீட்டு மின்சாரம் நேரடியாகவே ஓடலாம். மூடி கழன்ற பல்பை எரியவிட்டுத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அணைத்த பிறகும் சற்று நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். திறந்து பார்ப்பதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

அணைத்த பிறகும் பல்பு மினுக்கினால் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கலாம். எலக்ட்ரீஷியன் வந்த அன்றே அதையும் மாற்றிவிட வேண்டும்.

டிம்மர் தேவையா?

டிம்மர் வேண்டும் என்றால் எல்.இ.டி.க்கு உரியது என்று குறித்த டிம்மரும், டிம் செய்யத்தக்கது என்று அட்டையில் அச்சிட்ட பல்பும் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது.

500 கோழிக்கு டிம்மர் இல்லாமலே சமாளிக்கலாம். விளக்குகளை நாலு, இரண்டு என இரண்டு இணைப்பாகப் பிரித்து இரண்டு டைமர் போட்டால் போதும். காலை 4.30 முதல் 6.30 வரையும், மாலை 6 முதல் 8.30 வரையும் விளக்கு எரிந்தால் 16 மணி நேரம் கிடைத்துவிடும். இரவில் நாலு விளக்கு 8.15க்கும், இரண்டு விளக்கு 8.30க்கும் அணைய வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் கோழிகள் அடைய இடம் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் நிற ஒளி தரும், தூசும் ஈரமும் புகாத மூடியுள்ள விளக்கு நல்லது. வாரம் ஒருமுறை மெயினை அணைத்து, காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

இவ்வளவு சிக்கல் வந்ததே என்று குண்டு பல்புக்குத் திரும்ப வேண்டியதில்லை. நாலு மணி நேரக் கணக்கில் பழைய பல்புகள் மாதம் 43 யூனிட் எடுத்தன. எல்.இ.டி. ஆறரை யூனிட்டில் முடித்துவிடும்.

விளக்கைச் சரிசெய்த மறுநாளே முட்டை கூடிவிடாது. குறைந்துபோன நேரத்தை வாரத்துக்கு அரை மணி வீதம் கூட்டி 16 மணிக்குக் கொண்டுவர வேண்டும். தேதி, விளக்கு எரிந்த நேரம், முட்டை எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். 16 மணியை எட்டி மூன்று வாரம் ஆகியும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால், அந்த நோட்டோடு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதே சரி.