பேஷ்வாவின் வாய்க்கால், வாகட்டின் லாரி

ரோமின் ட்ரெவி நீரூற்றில் காசு எறியும் பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அந்தத் தண்ணீரின் பூர்வீகம் கி.மு. 19. அக்ரிப்பா வெட்டிய கால்வாயின் வழியைப் புதுப்பித்துத்தான் இன்றும் அங்கே நீர் வருகிறது. பேரரசு போயிற்று, தண்ணீர் நிற்கவில்லை.

புனேயும் ஒரு காலத்தில் தலைநகர்தான். 1730 ஜனவரியில், ஒரு சனிக்கிழமையன்று, முதலாம் பாஜிராவ் தன் மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார். கிழமையே பெயரானது: சனிவார் வாடா. மராட்டிய அரசியல் அங்கிருந்துதான் நடந்தது. அவர் மகன் நானாசாகேப் அரண்மனையோடு நிற்கவில்லை. நகரின் தெற்கே காத்ரஜில் ஏரி கட்டி, நிலத்தடிக் கால்வாய் வழியே ஊருக்குள் நீர் கொண்டுவந்தார். வழியில் 'ஹவுத்' எனும் தொட்டிகள். அதில் ஊராரும் மொண்டு குடித்தார்கள்.

1817 நவம்பரில் மாளிகை மீது ஆங்கிலேயர் கொடி ஏறியது. 1828ல் தீ விபத்து. மிஞ்சியவை கல் மதிலும் தில்லி தர்வாஜாவும்.

இன்றைய புனேயின் பணம் புழங்குவது வடமேற்கே. முளா ஆற்றங்கரைக் கிராமமாக இருந்த வாகட், 1997ல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியில் சேர்ந்தது. பக்கத்து ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் நிறுவனங்கள் வர, வயல்களில் அடுக்குமாடிகள் முளைத்தன. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த இளம் தம்பதிகள் கடன் வாங்கி வீடு வாங்கினார்கள். நீச்சல் குளம் உண்டு. குழாயில் தண்ணீர்தான் சந்தேகம். கோடையில் காலை விடிவதே டாங்கர் லாரியின் ஹாரனில்.

மாநகராட்சியின் முக்கிய ஆதாரம் பவனா அணை. அங்கிருந்து மூடிய குழாயில் நேரே நீர் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். பாசனம் போய்விடும் என்று மாவள் விவசாயிகள் 2011 ஆகஸ்ட் 9ல் எக்ஸ்பிரஸ் சாலையை மறித்தார்கள். போலீஸ் சுட்டதில் 3 பேர் இறந்தனர். திட்டம் பல ஆண்டுகள் முடங்கியது. 2019 நவம்பரில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றானது. தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கிய ஏற்பாடு, ஆண்டுக்கணக்கில் நீண்டது.

நகரவாசியின் தாகம் நிஜம். மாவள் விவசாயியின் பயமும் நிஜம். இருவருக்கும் நடுவே, தண்ணீர்க் கணக்குப் பார்க்காமல் மாடிகளுக்கு அனுமதி தந்தவர்களை மட்டும் யாரும் மறிக்கவில்லை.

பேஷ்வாக்களின் ஹவுத்துகளில் சில பழைய புனேயில் இன்னும் நிற்கின்றன. வாகட்டிலிருந்து ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், லாரி வராத நாளில்.