ஐபோன் செய்யும் தங்கச்சியின் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கு?



ஃபாக்ஸ்கான் பற்றி மாசத்துக்கு ஒரு அறிவிப்பு வருகிறது. இத்தனை கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் வேலை. உடனே "கூட்டி வந்தது நாங்கதான்" என்று மாநிலத்தை ஆள்பவர்களும் ஒன்றியத்தை ஆள்பவர்களும் போஸ்டர் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் ரெண்டு தரப்புமே தொடாத கேள்வி ஒன்று இருக்கு. அந்த லைனில் நிற்கிற பெண் யாருடைய தொழிலாளி?

தொழிற்சாலை வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. சுங்குவார்சத்திரம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண்களின் சம்பளத்தில் ஊரில் கடன் அடைகிறது, தம்பி படிக்கிறான். அது நமக்கும் தெரியும். தெரிவதால்தான் கேட்கிறோம்.

இந்தக் கம்பெனி எப்படி வளர்ந்தது என்று முதலில் பாருங்க. 1974இல் தைவானில் டெர்ரி கோ தொடங்கிய ஹான் ஹாய், கறுப்பு வெள்ளை டிவியில் சேனல் மாற்றும் பிளாஸ்டிக் திருகு செய்துகொண்டிருந்தது. 1988இல் சீனாவின் ஷென்ஜெனில் கால் வைத்தது. இன்று உலகத்திலேயே பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஒப்பந்த உற்பத்தி நிறுவனம். 2024இல் அதன் வருவாய் 6 லட்சம் கோடி தைவான் டாலரைத் தாண்டியது.

ஆனால் லாபம்? அந்த ஆண்டில் ஃபாக்ஸ்கானுக்கு 100 ரூபாய் வருவாயில் நிகர லாபம் 2 ரூபாய் சொச்சம். அதே 2024 நிதியாண்டில் ஆப்பிளுக்கு 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 24 ரூபாய். பெயர் போட்டவனுக்கு 24, செய்து கொடுத்தவனுக்கு 2.

ரெண்டு ரூபாய் லாபத்தில் எப்படி வளர முடியும்? மலைபோல எண்ணிக்கையில் செய்யணும், சொன்ன தேதிக்குக் கொடுக்கணும். சிப் விலை இவர்கள் கையில் இல்லை. வாங்கிப் போட்ட மெஷினைத் திருப்பி அனுப்ப முடியாது. செப்டம்பரில் புது மாடல் வரும், அதற்கு முன்னால் ஆள் குவியணும். சீசன் போனால் ஆள் குறையணும். குழாயைத் திறந்து மூடுவது மாதிரி கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரே சரக்கு மனுஷன்தான். ஃபாக்ஸ்கான் விற்பது போன் என்று நினைக்கிறோம். ஆப்பிள் அதனிடம் வாங்குவது இந்தக் குழாயைத்தான்.

சீனாவில் இது என்ன ஆச்சு? 2010இல் ஷென்ஜென் ஆலையில் பத்துக்கும் மேற்பட்ட இளம் தொழிலாளர்கள் மாடியிலிருந்து விழுந்து உயிரை விட்டார்கள். கம்பெனி கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. (அந்தப் படத்தைப் போட்டு எவரும் முதலீட்டாளர் மாநாடு நடத்துவதில்லை.) 2022 நவம்பரில் ஷெங்சோவ் ஆலையில், சொன்ன போனஸ் ஒன்று, கொடுப்பது வேறொன்று என்று தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். "தொழில்நுட்பத் தவறு" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேலையை விட்டுப் போகிற புது ஆட்களுக்கு 10,000 யுவான் கொடுத்து அனுப்பியது கம்பெனி.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2021 டிசம்பர். பூந்தமல்லி பக்கம் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கிய ஹாஸ்டலில் கெட்டுப்போன சாப்பாடு. 250க்கும் மேற்பட்ட பெண்களுக்கு உடம்பு சரியில்லை, 159 பேர் மருத்துவமனையில். கூட இருந்த தோழி என்ன ஆனாள், உயிரோடு இருக்காளா என்று கேட்ட பெண்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. ராத்திரியோடு ராத்திரியாக சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தார்கள்.

ஏன் ஆளில்லை? போனில் பெயர் ஆப்பிள். ஆலை ஃபாக்ஸ்கான். ஆளை எடுத்தது ஏஜென்சி. ஹாஸ்டல் இன்னொரு காண்ட்ராக்ட். சமையல் அதுக்கும் கீழே ஒருத்தர். அஞ்சு படி. மேல்படியில் இருப்பவர் கீழே கை காட்டுவார், கீழே இருப்பவர் போனை எடுக்க மாட்டார். பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து, செய்தி உலகம் பூரா போன பிறகுதான், தங்குமிடங்கள் எங்கள் விதிமுறைப்படி இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரியில் ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய 18,720 பேருக்கான விடுதியும் திறந்தது. நல்ல கட்டடம், மறுக்கவில்லை. ரோட்டில் உட்கார்ந்த பெண்களுக்கு அதில் பங்கு உண்டு என்பதைத் திறப்பு விழாவில் சொல்லியிருக்கலாம். கட்டில் கிடைத்தது. வேலை நிரந்தரம் கிடைத்ததா?

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் இன்னொன்றை வெளியே கொண்டுவந்தது. ஐபோன் அசெம்பிளி வேலைக்குக் கல்யாணம் ஆன பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள், குடும்பப் பொறுப்பு, பிரசவம், தாலி, மெட்டி எல்லாம் காரணமாகச் சொல்லப்படுகிறது என்றது செய்தி. கம்பெனி மறுத்தது, புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் பேர் மணமானவர்கள் என்றது. ஒன்றியத் தொழிலாளர் துறை மாநிலத்திடம் அறிக்கை கேட்டது, மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அப்புறம் ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்கு, விளம்பரத்தில் திருமண நிலையைப் போடாதே என்று உத்தரவு போனதாக அதே ராய்ட்டர்ஸ் எழுதியது. இங்கேயும் கவனிங்க, வேலை கேட்டு வந்த பெண்ணை வாசலில் நிறுத்துவது ஏஜென்சி. கேட்டால் "நாங்க அப்படிச் சொல்லலையே" என்று கம்பெனி விலகிக்கொள்ள ஒரு படி எப்பவும் இருக்கு.

இதைப் பேசினால் கமெண்டில் ஒரு கூட்டம் வரும். "கொடி புடிச்சா கம்பெனி ஓடிடும், நோக்கியா ஓடுனது மறந்துபோச்சா?"

மறக்கல சார். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா 2014 நவம்பர் 1இல் கதவைச் சாத்தியது. ஸ்மார்ட்போன் சந்தையில் தோற்று, போன் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரித் தகராறில் சென்னை ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. பிறகு மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியது. இதில் கொடி எங்கே இருக்கு? அதே வளாகத்தில் நோக்கியாவுக்கு வேலை செய்த இன்னொரு கம்பெனி 2014 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அது யார் தெரியுமா? இதே ஃபாக்ஸ்கான். 2010இல் சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்த அதன் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். நாலு வருஷம் கழித்து, ஆர்டர் இல்லை என்று எல்லோரும் வெளியே. கொடி பிடித்தவனும் போனான், பிடிக்காதவனும் போனான். 2019இல் ஐபோன் ஆர்டரோடு அது மீண்டும் பெரிதானபோது, அந்தப் பழைய தொழிலாளர்களை யாரும் தேடவில்லை.

அரசுப் பணமும் இதில் இருக்கு. 2020இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஃபாக்ஸ்கானும் தேர்வானது. கூடுதல் விற்பனை மீது 4 முதல் 6 சதவீதம். கம்பெனியின் சொந்த நிகர லாப விகிதமே ரெண்டு சொச்சம், ஞாபகம் வைங்க. தகுதிக்கு அளவுகோல் கூடுதல் முதலீடும் கூடுதல் விற்பனையும்தான். எத்தனை பேரை நேரடியாக நியமித்தாய் என்று அதில் யாரும் கேட்கவில்லை.

சட்டமாவது கேட்குமா? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டம், ஒரு நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது. கேட்க நல்லா இருக்கு. அடுத்த வரியிலேயே விலக்கு: மையப் பணியில் திடீரென வேலை கூடி, குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தால் ஒப்பந்த ஆள் போடலாம். வருஷா வருஷம் புது மாடலுக்கு வேலை கூடுகிற தொழிலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இல்லையா? ஒப்பந்தக்காரர் சட்ட வரம்புக்குள் வருவதற்கான எண்ணிக்கையும் 20இலிருந்து 50 ஆகிவிட்டது.

சரி, போராடினால் எதுவும் நடக்காதா? 2023 ஏப்ரல் 21இல் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நம்ம சட்டமன்றத்தில் நிறைவேறியது. வெளியே எதிர்ப்பு கிளம்பியது. பத்தே நாளில், மே தினத்தன்று, திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. பக்கத்திலேயே சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் 37 நாள் வெளியே நின்றார்கள், நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். கம்பெனி ஓடிப்போகலையே.

நாம் கேட்பது பெரிய ரகசியம் கிடையாது. ஊக்கத்தொகை, நிலம், விடுதி எது கொடுத்தாலும் அந்த ஒப்பந்தத்தில் நேரடி நியமனத்துக்கு எண்ணிக்கை எழுது. வருஷம் பூரா ஓடுகிற லைனில் ஏஜென்சிக்கு இடம் கொடுக்காதே. சங்கப் பதிவு மனுவை மாசக்கணக்கில் மேஜையில் வைக்காதே.

காஞ்சிபுரம், திருவள்ளூர் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்க தெருவில், உங்க வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிற தங்கச்சிகளிடம் பேசுங்க. சம்பளச் சீட்டிலும் பி.எஃப். கணக்கிலும் முதலாளி என்று யார் பெயர் இருக்கு, எத்தனை மாசத்துக்கு ஒருமுறை ஏஜென்சி மாறுது, கேளுங்க. அவங்க சம்மதித்தால் மட்டும், பெயரை மறைத்து நமக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க. தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும் மனுவில் இணைக்கணும்.

#நேரடிநியமனம் #ஸ்ரீபெரும்புதூர்