மனநலப் பிரிவில் வாய்க்கு வந்த மொழிபெயர்ப்பு போதுமா?



ஜிப்மர் மருத்துவமனையில் இந்திப் பயன்பாடு குறித்து வெளியான சுற்றறிக்கையை எதிர்த்து 2022 மே மாதம் புதுச்சேரியில் கட்சிகள் போராடின. நியாயமான கோபம். ஆனால் பதிவேட்டில் எந்த மொழி என்பதற்காக எழுந்த அந்தக் கோபம், நம் ஊர் மருத்துவமனைகளில் மனநோயாளியிடம் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்பதற்காக ஒருநாளும் எழவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய், வயது வந்தோரில் சுமார் 0.8 சதவீதம் பேருக்கு இருப்பதாக நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு சொல்கிறது. இந்த நோய் ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரியாது. கேள்விதான் பரிசோதனை. அதற்கு உலகமெங்கும் பயன்படுவது, 1989-இல் அமெரிக்காவில் வெளியான யேல்-பிரவுன் அளவுகோல். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. 16 முதல் 23 வரை நடுத்தரம், 24 முதல் 31 வரை கடுமை என்று பிரிப்பார்கள்.

என் அக்காவுக்கு இந்த நோய். கை கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். அவரை இப்பகுதி மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். வெளிமாநிலத்திலிருந்து வந்த இளம் மருத்துவர் ஆங்கிலத் தாளைப் பார்த்துக் கேட்க, நர்ஸ் தமிழில் சொன்னார். "அந்த நெனப்பு வந்தா எதுத்துப் போராடுவீங்களாம்மா?" அக்கா, "ஆமா சிஸ்டர், நாள் பூரா போராடிக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். 4 போட்டார்கள். கை கழுவுவதைப் பற்றிக் கேட்டபோதும் அதே பதில், அதே 4.

அந்த அளவுகோலில் கணக்கு நேர்மாறானது. எதிர்க்க முயல்வது நலத்தின் அடையாளம் என்பதால், எப்போதும் முயல்பவருக்கு 0. கொஞ்சமும் எதிர்க்காமல் முழுக்க இணங்கிவிடுபவருக்குத்தான் 4. நாள் முழுக்கப் போராடுவதை அக்கா சொன்னார்; நாள் முழுக்கப் படும் அவதியாக அது மருத்துவரின் காதில் விழுந்தது. இரண்டு கேள்வியில் எட்டு மதிப்பெண் கூடி, 18 ஆக இருக்க வேண்டியது 26 ஆனது. நடுத்தரம் கடுமையாகிவிட்டது. அடுத்த முறை வேறொரு நர்ஸ் சரியாகக் கேட்டால் நோய் இம்மியும் குறையாமலே எட்டு மதிப்பெண் இறங்கும். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சீட்டில் எழுதிவிடுவார்கள். நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் தமிழ்த் தாள் எதுவும் தரப்படவில்லை.

இன்னொன்று. அளவுகோலோடு சேர்ந்த அறிகுறிப் பட்டியலில் சாமியைப் பழிக்கும் நினைப்பு, தகாத பாலுறவு நினைப்பு, பெற்ற பிள்ளைக்கே தீங்கு செய்துவிடுவோமோ என்ற பயம் எல்லாம் உண்டு. நர்ஸ் கிடைக்காத நாளில் கூட வந்த மகனோ தம்பியோதான் மொழிபெயர்ப்பாளர். எந்தத் தாய் மகன் வாயால் இந்தக் கேள்வியைக் கேட்டு, "ஆமாம்" என்பார்? தலையாட்டி மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுவார்.

தமிழாக்கம் செய்வதற்கு முறை இருக்கிறது. இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பொருள் மாறிய இடங்களைத் திருத்தி நம் நோயாளிகளிடமே கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஆளை இரண்டு மருத்துவர்கள் கேட்டாலும், சில நாள் கழித்துக் கேட்டாலும் மதிப்பெண் ஒத்துவர வேண்டும். அதன் பிறகே அது நம்பத்தக்க அளவுகோல். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தை வேலூர் ஆய்வாளர்கள் சோதித்து 2005-லேயே வெளியிட்டார்கள். கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கும் வேலையல்ல இது. மனமும் சில மாத உழைப்பும் போதும்.

"எங்களுக்கு அனுபவம் இருக்கிறது, பேசினாலே தெரிந்துவிடும்" என்று மூத்த மருத்துவர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்குத் தெரியலாம். ஆனால் கோப்பில் ஏறுவது அந்த எண். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அதைப் பார்த்துத்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், சிகிச்சைக்குச் சம்மதம் பெறுமுன் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. விளக்கத்துக்கு அந்த மொழி வேண்டும் என்றால் நோயை அளக்கும் கேள்விக்கு வேண்டாமா?

புதுச்சேரி, காரைக்கால் மட்டுமின்றி விழுப்புரம், கடலூர் ஏழைகளும் நம்பி வருவது இங்குள்ள அரசு மருத்துவமனைகளைத்தான். எனவே சுகாதாரத் துறையும் ஜிப்மர் நிர்வாகமும் சேர்ந்து இந்த ஆண்டே ஒரு குழு அமைக்கட்டும். ஆய்வேடுகளில் சோதித்த தமிழ் வடிவம் இருக்குமானால் அலமாரியை விட்டு வெளியே எடுத்து, அச்சிட்டு, ஒவ்வொரு மனநலப் பிரிவின் மேசையிலும் வைக்கட்டும். கேட்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்கும் வழக்கத்தை மட்டுமாவது நாளையே நிறுத்த வேண்டும். அதற்கு எந்தக் குழுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மேட்டுப்பாளையம், புதுச்சேரி.