கம்பிக்குக் கீழே இருட்டு

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902 ஜூன் 30 அன்று. காவிரி விழும் சிவசமுத்திரத்தில் உற்பத்தியாகி, சுமார் 148 கிலோமீட்டர் கம்பியில் பயணம் செய்து சுரங்க இயந்திரங்களை ஓட்டியது. பெங்களூர் நகரத்துக்கு விளக்கு 1905ல். மகாராஜா வசித்த மைசூருக்கு 1908ல்தான். ராஜதானியே ஆறு வருடம் காத்திருந்தது என்றால், கம்பி கடந்து போன கிராமங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதில் யாருடைய சதியும் இல்லை. கணக்குதான். சுரங்கம் இரவு பகலாக மின்சாரம் தின்னும். ஒரே வாடிக்கையாளர், ஒரே பில். கிராமமோ சாயங்காலம் நாலு மணி நேரம் சில விளக்குகளை எரிக்கும். நெடுந்தூரம் போகும் உயர் அழுத்தக் கம்பியிலிருந்து நேராக வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க முடியாது. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதற்குச் செலவு. அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? திட்டத்தின் மூளையாக இருந்த திவான் சேஷாத்ரி ஐயர், கம்பியில் மின்சாரம் ஓடுவதைப் பார்க்காமலே 1901ல் காலமானார். தங்கவயலில் உடலுழைப்பைக் கொடுத்த தமிழர்கள், பெரும்பாலும் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தலித்துகள், மூங்கில் தட்டி வீடுகளில் இருந்தார்கள். மின்சாரம் வாங்கியது கம்பெனி. வாங்கியதும் இயந்திரங்களுக்காக.

சிவசமுத்திரத்தை ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம் என்று சொல்வது கர்நாடகத்தில் வழக்கம். அது சரியல்ல. 1897லேயே டார்ஜிலிங் நகராட்சி சித்ராபோங் என்ற இடத்தில் ஓடைத் தண்ணீரைக் கொண்டு 130 கிலோவாட் எடுத்து ஊருக்கு விளக்குப் போட்டது. உள்ளூர்த் தண்ணீர், உள்ளூர்க் கம்பி, உள்ளூர் விளக்கு. நாட்டின் நீர்மின் சரித்திரம் தொடங்கியதே சின்ன அமைப்பில்தான். பிறகு பெரியதன் மோகம் ஜெயித்தது.

சின்னது அவ்வப்போது தலைகாட்டாமல் இல்லை. தும்கூர் மாவட்டத்து ஹோசஹள்ளிக்குப் பெரிய கம்பி எட்டாத 1988ல், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் அங்கே விறகிலிருந்து வாயு எடுத்து, அதைக் கொஞ்சம் டீசலோடு சேர்த்து எஞ்சினில் எரித்து மின்சாரம் தயாரித்தார்கள். விளக்கு, குடிதண்ணீர், மாவு அரைக்கும் மெஷின் எல்லாம் அதில் நடந்தன. விறகுக்கென்றே தோப்பு வளர்த்தார்கள். ஊர்க்காரர்களே நிலையத்தை ஓட்டினார்கள்.

பீகாரின் தர்னாய் கதை வேறு மாதிரி. 2014ல் அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்து வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தது கிரீன்பீஸ். ஊரார் சந்தோஷப்பட்டார்களா? முன்னாள் முதல்வர் நிதிஷ் குமார் வந்தபோது, "அசல் மின்சாரம்" கேட்டுக் குரல் எழுப்பினார்கள். அரசுக் கம்பி வந்தது. அதில் கட்டணமும் குறைவு. பேட்டரிகள் செயலிழந்ததும் புதிதாக வாங்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் அந்த நிலையம் மாட்டுத் தொழுவமாகிவிட்டது.

ஊராரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் மானிய விலையில் மின்விசிறியும் பம்புசெட்டும் ஓடும்போது, அதைவிடக் காசு கொடுத்து இரண்டு பல்பு எரிக்க யாருக்கு மனம் வரும்? தவறு வேறு இடத்தில். பெரிய கம்பி வந்தால் சின்ன நிலையம் என்ன ஆகும் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைக்க வேண்டும். உத்தரப் பிரதேசம் 2016 கொள்கையில் அதைச் செய்தது: அரசுக் கம்பி வந்தால் சின்ன நிலையத்தார் மின்சாரத்தை அதற்கே விற்கலாம், அல்லது நிலையத்தை விலைக்குக் கொடுத்துவிட்டு விலகலாம். அந்த உத்தரவாதம் இல்லாமல் யார் முதல் போடுவார்கள்?

2018 ஏப்ரலில் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. 2004ல் வகுத்த இலக்கணப்படி, பொது இடங்களுக்கும் நூற்றுக்குப் பத்து வீடுகளுக்கும் இணைப்பு இருந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம். 1997க்கு முன்பு அதுகூட வேண்டாம். ஊர் எல்லைக்குள் எங்காவது, எதற்காவது மின்சாரம் பயன்பட்டாலே போதும். வயல் கிணற்றில் ஒரு மோட்டார் ஓடினால் ஊருக்கே வெளிச்சம் வந்ததாகக் கணக்கு. தங்கவயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டன. எந்த வாடிக்கையாளருக்காகக் கம்பி இழுத்தார்களோ அவர் போய்விட்டார். அது கடந்து வந்த கிராமங்கள் அங்கேயேதான் இருக்கின்றன.