கேஸ் தீரலை பாஸ்... ஓடிப்போச்சு!

கத்திரி வெயில்ல அப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி கார் சாவியை வாங்கி, நாலு பேரை ஏத்திக்கிட்டு கிளம்பறீங்க. ஏ.சி. ஸ்விட்சைத் தட்டினா... ஹேர் டிரையர் மாதிரி அனல்! ஒர்க் ஷாப்புக்குப் போனா, பானெட்டைத் திறக்கும் முன்னாடியே தீர்ப்பு ரெடி: "கேஸ் தீர்ந்துடுச்சு தம்பி, அடிச்சுடலாம்." ரெண்டு மாசம் ஜில்ஜில். அப்புறம் மறுபடி அனல், மறுபடி அதே டயலாக், மறுபடி பர்ஸ் காலி.

இங்கேதான் பாஸ் மேட்டரே. ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சமாசாரம் இல்லை. கம்ப்ரஸர், கண்டன்ஸர், எக்ஸ்பான்ஷன் வால்வு, எவாப்பரேட்டர் என்று மூடிய பாதையில் சுத்திக்கிட்டே இருப்பது. பல வருஷத்தில் ரப்பர் ஹோஸ் வழியா கொஞ்சம் குறைவது சகஜம். ஆனா ஒரே சீசன்ல காலின்னா, எங்கேயோ ஓட்டை! அதை அடைக்காம கேஸ் அடிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணி பிடிக்கிற கதைதான்.

முதல்ல, நிஜமாவே லீக்தானா? வண்டி ஓடும்போது ஜில்லுன்னு வந்து, சிக்னலில் நின்னா மட்டும் சூடானால், கண்டன்ஸர் ஃபேனைப் பாருங்க. காத்தே கம்மியா வந்தா கேபின் ஃபில்டரைச் சந்தேகப்படுங்க. கம்ப்ரஸர் கிளட்ச் சில நொடிக்கு ஒருதரம் 'டக்... டக்'னு சேர்ந்து சேர்ந்து பிரியுதா? கேஸ் குறைஞ்சிருக்க சான்ஸ் அதிகம்.

இப்போ துப்பறியும் வேலை. முதல் க்ளூ, எண்ணெய்ப் பிசுக்கு! கேஸோட சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் சுத்தும். கேஸ் கசியற இடத்தில் ஆயிலும் கசியும். அதில் தூசி ஒட்டி கறுப்பாகிவிடும். டார்ச் அடிச்சு ஹோஸ் ஜாயின்ட், கம்ப்ரஸர் முன்பக்க சீல், கேஸ் ஏத்தும் வால்வு எல்லாத்தையும் பாருங்க. கண்டன்ஸரை மறக்காதீங்க. வண்டியின் முகத்திலேயே உட்கார்ந்து ரோட்டுக் கல்லடி வாங்கற பரிதாப ஜீவன் அது.

கண்ணுக்குச் சிக்கலையா? மெக்கானிக்கிடம் வேற ஆயுதங்கள் இருக்கு. நைட்ரஜன் ஏத்தி சோப்புத் தண்ணி தடவினா, லீக் இருக்கும் இடத்தில் நுரை கிளம்பும். ஆயிலில் சாயம் கலந்து ஓடவிட்டு, அல்ட்ரா வயலட் லைட் அடிச்சா கசிவு பளிச்னு மின்னும். எலக்ட்ரானிக் டிடெக்டர்னா ஜாயின்ட்டுக்குக் கீழே பிடிக்கணும். ஏன்னா, இந்த கேஸ் காத்தைவிட கனம். டேஷ்போர்டுக்குள் ஒளிஞ்சிருக்கும் எவாப்பரேட்டரைச் சோதிக்க, ஏ.சி. தண்ணி சொட்டும் குழாய் வாயில் டிடெக்டரை வைப்பாங்க.

பல நேரம் குற்றவாளி ஒரு பொடி ஓ-ரிங்தான். மாத்தினா முடிஞ்சது. ஓட்டை விழுந்த கண்டன்ஸரை மாத்துவதுதான் நல்லது. அப்புறம் வேக்யூம் பம்ப் போட்டு குறைஞ்சது அரை மணி நேரம் உள்ளே இருக்கும் காத்தையும் ஈரத்தையும் இழுக்கணும். பம்பை நிறுத்தின பிறகு கேஜ் முள் ஏறக்கூடாது. ஈரம் தங்கினா கேஸ், ஆயிலோட சேர்ந்து ஆசிட் ஆகி உள்ளேயே அரிக்கும்.

கடைசியில் கேஸ். அதை எடை போட்டுத்தான் ஏத்தணும். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். கேஜைப் பார்த்தா போதாதா? போதாது! உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும் வரை, ஓடாத வண்டியில் பிரஷர் வெப்பநிலையைப் பொறுத்தது, அளவைப் பொறுத்தது அல்ல. வீட்டு சிலிண்டரில் மிச்சம் எவ்வளவுன்னு தூக்கிப் பார்க்கறோமே, அதே லாஜிக்.

'இதுக்கு ஏன் இவ்ளோ பில்டப்?' என்கிறீர்களா? கேஸோட ஆயிலும் போயிட்டா கம்ப்ரஸர் ஜாம் ஆகும். அப்போ ஓ-ரிங் செலவில் முடிய வேண்டியது அப்பாவின் பேங்க் பாஸ்புக் வரை போகும். இன்னொன்று, பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனா நூறு வருஷக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். அரை கிலோ கசிந்தால், ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோல் எரிச்சதுக்குச் சமம்! அதனாலதான் 2016 கிகாலி ஒப்பந்தத்தில் இந்த வகை கேஸ்களைக் குறைக்க உலக நாடுகள் ஒத்துக்கிட்டன. 2021-ல் இந்தியாவும் அதை உறுதி செய்தது.

ஒரு வார்னிங், மெக்கானிக்கல் படிக்கும் மாவீரர்களே! ஸ்பேனரோட பைப்பைக் கழட்டிடாதீங்க. ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். திரவம் கையில் பட்டா தோல் உறையும், கண்ணில் பட்டா பார்வைக்கே ஆபத்து. புது கார்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-1234ஒய்எஃப் தீப்பிடிக்கவும் கூடும். ரெண்டையும் கலக்கவே கூடாது.

நீங்க செய்ய வேண்டியது மூணே கேள்வி: "லீக் எங்கேண்ணே? வேக்யூம் எவ்ளோ நேரம்? எத்தனை கிராம் ஏத்தறீங்க?" மூணுக்கும் பதில் வந்தா சாவியைக் கொடுங்க. "அதெல்லாம் எதுக்கு தம்பி" என்றால்... அடுத்த ஒர்க் ஷாப்புக்கு வண்டியை விடுங்க. கண்ணாடியை இறக்கிக்கிட்டுத்தான்!